காவிரியின் நன்னீர் மீன் அளவாய்வுகள்: கொடுமுடிப் பகுதியை முன்வைத்து

கொடுமுடி, ஈரோடு மாவட்டத்தில் காவிரியின் மேற்குக் கரையில் அமைந்த ஊர். மகுடேசுவரர் கோயிலால் அறியப்படுவது. மேட்டூரிலிருந்து தெற்கு நோக்கி வரும் காவிரி இங்கே கிழக்கு நோக்கித் திரும்புகிறது. பவானி ஆறு இவ்வூருக்கு மேலே பவானி கூடுதுறையிலும், நொய்யல் ஆறு இவ்வூருக்குக் கீழேயும் காவிரியில் கலக்கின்றன. பவானி ஆற்றில் தொடங்கும் காலிங்கராயன் வாய்க்காலின் கடைமடையும் இப்பகுதியே. மலையாறும் வாய்க்காலும் சமவெளி ஆறும் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், காவிரி மீன்களின் பரவலை அறிய இது ஏற்ற இடம். அம்மீன்களைப் பெயரிட்டுப் பட்டியலிடும் பணி இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு உடையது.

தரங்கம்பாடித் தொடக்கம்

காவிரி மீன்களைப் பற்றிய அறிவியல் பதிவு கழிமுகத்தில் தொடங்கியது. தரங்கம்பாடியில் பணியாற்றிய கிறித்தவ மதபோதகர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், அப்பகுதி மீன்களைப் பதப்படுத்தி பெர்லினிலிருந்த மருத்துவர் மார்க்கஸ் எலீசர் பிளாக்கிற்கு அனுப்பினார். தமிழர் நாள்தோறும் உண்ணும் விரால், குறவை, கெளுத்தி, தேளி ஆகியவற்றின் அறிவியல் பெயர்களுக்குப் பின்னால் இன்றும் பிளாக்கின் பெயர் நிற்கிறது. 1801 இல் வெளியான பிளாக், ஷ்னைடர் நூலில் வாளை மீனுக்கு 'அட்டு' என்னும் சிறப்புப் பெயர் இடப்பட்டது. அது 'ஆத்து வாளை' என்னும் பேச்சுத் தமிழிலிருந்து சென்றது. மீனவரின் சொல்லே அறிவியலின் சொல்லானதற்கு இது ஒரு சான்று.

டேனிய கம்பெனியில் பணிபுரிந்த டால்டார்ஃப், பனையேறிக் கெண்டை பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதிய குறிப்பு 1797 இல் லண்டன் லின்னேயன் கழக வெளியீட்டில் வந்தது. அக்கூற்று நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. அம்மீன் செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஈரத்தரையில் நகரும் என்பதும், காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் என்பதும் உறுதியானவை.

மலையடிவார ஆறுகள்

உள்நாட்டு ஆறுகளின் மீன்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் விரிவாகக் கவனிக்கப்பட்டன. பறவையியலாளராகப் புகழ்பெற்ற ராணுவ மருத்துவர் டி. சி. ஜெர்டான், தென்னிந்திய நன்னீர் மீன்கள் குறித்த கட்டுரையைச் சென்னை இலக்கிய, அறிவியல் இதழில் 1849 இல் வெளியிட்டார். காவிரிப் படுகைக்கே உரிய கருமுழிக் கெண்டைக்கு (லேபியோ கான்டியஸ்) அறிவியல் பெயர் தந்தவர் அவரே.

அடுத்து வந்தவர் சென்னை ராணுவ மருத்துவர் பிரான்சிஸ் டே (1829-1889). நீலகிரி மலையிலும் அதன் அடிவார ஆறுகளிலும் வாழும் மீன்களைப் பற்றி 1867 இல் எழுதினார். அதே ஆண்டில் பவானி ஆற்றிலிருந்து ஒரு கெண்டை இனத்தைப் புதிதாக விவரித்தார். 1873 இல் இந்திய, பர்மிய நன்னீர் மீன்வளம் குறித்த அறிக்கையை அளித்தார். 1875 முதல் 1878 வரை 'இந்திய மீன்கள்' என்னும் பெருநூல் வெளிவந்தது.

டேயின் அறிக்கை இனங்களை மட்டும் எண்ணவில்லை. சிறுகண் வலைகளால் குஞ்சுகள் அழிவதையும், அணைக்கட்டுகள் வலசை மீன்களைத் தடுப்பதையும் எடுத்துக்காட்டியது. கடலிலிருந்து முட்டையிட ஆறேறும் உல்லம் மீன் அவர் கவலைகளுள் ஒன்று. வெடி, நஞ்சு கொண்டு மீன்பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897 இல் வந்தது.

துறையும் அணையும்

கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதிய எஃப். ஏ. நிக்கல்சனே பின்னர் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு அடித்தளமிட்டார். கொடுமுடி அக்காலத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1916 இல் இந்திய விலங்கியல் அளவாய்வுத் துறை தோன்றியது. அதன் ஆய்வாளர் சுந்தர் லால் ஹோரா, மைசூர், நீலகிரி, வயநாடு, குடகுப் பகுதி மீன்களை ஆராய்ந்து எழுதினார்.

இதற்கிடையே ஆறு மாறியது. 1934 இல் மேட்டூர் அணை முடிந்தது. 1955 இல் பவானிசாகர் அணை நிறைவுற்றது. வெள்ளம் குறைந்ததால் காவிரியில் உல்லம் ஏறுவது வெகுவாகக் குறைந்தது. காவிரிக்கு உரியதல்லாத கட்லா வடக்கு ஆறுகளிலிருந்து கொண்டுவரப்பட்டு நிலைபெற்றது. 1952 இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீனான திலேப்பியா 'ஜிலேபி' என்ற பெயரோடு குளம், வாய்க்கால், ஆறு எங்கும் பரவியது.

மாற்றங்களுக்குப் பின் ஆற்றை அளந்த முயற்சிகளுள் இரண்டு முதன்மையானவை. பி. ஐ. சாக்கோவும் உடன் பணியாற்றியவர்களும் 1954 இல் காவிரி மீன்வள ஆய்வை வெளியிட்டனர். விலங்கியல் அளவாய்வுத் துறையின் கே. சி. ஜெயராம், டி. வெங்கடேசுவரலு, எம். பி. ரகுநாதன் ஆகியோரின் காவிரி ஆற்றுத் தொகுதி அளவாய்வு 1982 இல் வெளியானது. நூற்றுக்கும் மேற்பட்ட மீனினங்களைக் கொண்ட இந்நூல் பின்வந்த ஆய்வுகளுக்கு ஒப்பீட்டு அடிப்படையாக உள்ளது.

அளவிடும் முறை

ஆற்றில் இடங்களைத் தேர்ந்து, வீச்சுவலை, செவுள்வலை, தூண்டில் எனப் பலவகைக் கருவிகளால் மீன் பிடிப்பர். மடு, பாறையிடுக்கு, மணல் திட்டு, வாய்க்கால் ஒவ்வொன்றிலும் வேறு மீன் கிடைக்கும். அயிரை மணலடியில் வாழும். ஆரால் சேற்றிலும் கல்லிடுக்கிலும் ஒளியும். பக்கக்கோட்டுச் செதில்களையும் துடுப்பு ஆரைகளையும் எண்ணி இனத்தை உறுதி செய்வர். மாதிரிகள் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படும்.

இரு பட்டியல்களை ஒப்பிடும்போது எச்சரிக்கை தேவை. பெயர்கள் மாறும்: 1867 இல் டே 'புன்டியஸ் டூபியஸ்' என்ற பவானிக் கெண்டை, பின்பு 'பார்பஸ்' ஆகி, இன்று 'ஹிப்செலோபார்பஸ்' ஆகியுள்ளது. மேலும், கோடையில் வலைக்குச் சிக்காத மீன் ஆற்றில் இல்லை என்று பொருளல்ல. இடம், பருவம், வலை மூன்றையும் குறிக்காத பட்டியல் ஒப்பீட்டுக்குப் பயன்படாது.

இன்றைய நிலை

தூண்டில்காரர்கள் ஒன்றரை நூற்றாண்டாக அறிந்திருந்த காவிரியின் கூன்முதுகு மஹ்சீர் மீனுக்கு முறையான அறிவியல் அடையாளம் அண்மையில்தான் கிடைத்தது. அமராவதியின் துணையாறான பாம்பாற்றில் கிடைத்து 2007 இல் விவரிக்கப்பட்ட 'டோர் ரமாதேவி' இனமே அது என்று 2018 இல் நிறுவப்பட்டது. சென்னை விலங்கியல் அளவாய்வு நிலையத்தின் மீனியலாளர் கே. ரமாதேவியின் பெயர் அதற்கு இடப்பட்டது. அதே ஆண்டில் அது மிக அருகிவிட்ட இனமாகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. பெயர் உறுதியாகும் முன்பே ஒரு மீன் மறையும் நிலைக்கு வந்ததை இது காட்டுகிறது.

கொடுமுடிப் பகுதி அதே கேள்வியை எதிர்கொள்கிறது. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை முதலிய கதவணைகள் ஓடும் ஆற்றைத் தேங்கிய நீராக்கியுள்ளன. ஓடும் நீரையும் கல்லடியையும் நாடும் கெண்டைகளுக்கு இது தடை, ஜிலேபிக்கு வாய்ப்பு. நொய்யலில் திருப்பூர்ச் சாயக்கழிவு சேர்ந்து, 1992 இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமற் போனது. 2011 இல் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. காலிங்கராயன் வாய்க்காலும் சாய, தோல் ஆலைக் கழிவுகளால் பாதிக்கப்பட்டது.

இந்த இழப்பை மதிப்பிட முந்தைய பட்டியல்களே அளவுகோல். ஜெர்டானும் டேயும் எழுதி வைக்காதிருந்தால், எந்த மீன் குறைந்தது, எது புதிதாக வந்தது என்று இன்று சொல்ல வழியில்லை. இன்று எடுக்கும் கணக்கும் அவ்வாறே பின்வருவோர்க்கு உதவும். பரிசலில் சென்று வலை வீசும் மீனவர்கள் ஒவ்வொரு மீனுக்கும் வழங்கும் பெயரும், அது கிடைக்கும் மடுவும், சினை கொள்ளும் மாதமும் அக்கணக்கில் இடம்பெற வேண்டியவை. முதல் பட்டியல்களும் அத்தகைய அறிவிலிருந்தே எழுந்தன.