காருவாவும் வெள்ளுவாவும்

தமிழ் நாள்காட்டிகளில் மாதத்துக்கு இரண்டு வட்டங்கள் அச்சாகின்றன. ஒன்று மை நிரம்பிய கறுப்பு வட்டம். ஏறக்குறைய பதினைந்து நாள் தள்ளி மற்றொன்று, வெறும் கோடாக நிற்கும் வெள்ளை வட்டம். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் எந்த நாளில் லாஞ்சு எடுப்பது, எத்தனை நாள் தங்கி மீன் பிடிப்பது, எத்தனை பார் ஐஸ் ஏற்றுவது என்று கணக்குப் போடுகிறவர்களும் இந்த வட்டங்களை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்கள். இவற்றுக்கு இன்று நாம் சொல்லும் பெயர்கள் அமாவாசை, பௌர்ணமி. இரண்டும் வடமொழிப் பெயர்கள். ஒலியாலோ பொருளாலோ ஒன்றையொன்று நினைவூட்டாதவை. தமிழில் இந்த இரண்டு நாளுக்கும் பொதுவாக ஒரே பெயர் இருந்தது: உவா. கறுப்பு வட்டம் காருவா, வெள்ளை வட்டம் வெள்ளுவா. கார் என்னும் கருமையும் வெள் என்னும் வெண்மையும் அடைமொழியாக முன்னே நிற்க, பெயர் ஒன்றாகவே நிலைத்திருக்கிறது.

சொல்லை நேசிக்கும் அன்பர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். முற்றத்தில் நின்று வானத்தைப் பார்ப்பவருக்கு இந்த இரண்டு இரவும் எதிரெதிர். ஒன்றில் நிலவு இல்லவே இல்லை, மற்றதில் விடிய விடிய நிலவு. எதிரெதிரான இரண்டுக்கு ஒரே பெயரை யார் வைப்பார்கள்? கண்ணை வானத்திலிருந்து இறக்கித் தண்ணீரின் மேல் வைத்தவர்கள் வைப்பார்கள் என்பது என் துணிபு. ஞாயிறும் திங்களும் நிலவுலகும் ஒரே கோட்டில் வந்து நிற்கும் நாள்கள் இவை இரண்டும்தான். காருவாவில் ஞாயிறும் திங்களும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. வெள்ளுவாவில் உலகத்தை நடுவில் வைத்து எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்கின்றன. எப்படி நின்றாலும் இரண்டின் இழுப்பும் ஒன்றோடொன்று கூடிவிடுகிறது. கடலை ஏற்றி இறக்குவதில் ஞாயிற்றின் ஆற்றல் திங்களின் ஆற்றலில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அந்த அரைப்பங்கும் சேர்ந்துகொள்வதால், இந்த நாள்களை ஒட்டி, பெரும்பாலும் ஓரிரு நாள் பிந்தி, கடல் மிக ஏறி மிக இறங்குகிறது. நிலவு பாதியாய்த் தெரியும் எட்டாம் நாளை ஒட்டி இரண்டும் செங்கோணத்தில் இழுத்துக்கொள்ள, ஏற்றமும் இறக்கமும் சுருங்கிப்போகின்றன. கடலின் கணக்கில் கறுப்பு வட்டமும் வெள்ளை வட்டமும் ஒரே நாள்.

பழைய வடிவம் உவவு. புறநானூற்றின் மூன்றாம் பாட்டில் இரும்பிடர்த்தலையார் பாண்டியன் வெண்கொற்றக் குடையைச் சொல்லுமிடத்தில் உவவுமதி என்னும் தொடர் நிறைநிலாவைக் குறித்து நிற்கிறது. அறுபத்தைந்தாம் பாட்டில் கழாத்தலையார் இன்னும் நுட்பமாகக் கையாள்கிறார். வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனோடு பொருது, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனைப் பற்றிய பாட்டு அது. உவவு வந்த பெருநாளில் இரு சுடர்களும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ள, மாலையில் அவற்றுள் ஒன்று மலைக்குப் பின்னே மறைவதுபோல் ஓர் அரசன் முன்னே மற்றோர் அரசன் மறைகிறான் என்பது அதன் கருத்து. உவமையின் அழகு ஒருபுறம் இருக்கட்டும். கதிர் விழும் அதே பொழுதில் நேர் எதிரே நிலவு எழும் நாள் என்று உவவின் வானியல் இலக்கணத்தையே புலவர் வகுத்துவிட்டார்.

ஆனால் நம் துறைமுகத்துக்கு நெருங்கிய சான்று பட்டினப்பாலையில் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவரைக் காட்டும் பகுதி அது. அவர்கள் குளிர்ந்த பெருங்கடலில் வேட்டைக்குப் போகாமல் உவவு நாளில் தொழிலை ஒழித்து, பெண்டிரோடு உண்டும் ஆடியும் களிக்கிறார்கள். சுறாக்கொம்பை நட்டுத் தெய்வமாக வழிபடுகிறார்கள், தாழம்பூச் சூடுகிறார்கள், பனங்கள் அருந்துகிறார்கள். மீன்பிடி நாள் எது, பிடியா நாள் எது என்று திங்களை வைத்து வகுத்துக்கொண்ட ஒரு துறையின் கணக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் பதிவாகியிருக்கிறது. 1889-இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்திராவிட்டால் இந்தச் செய்தி நம் கைக்கு எப்போது வந்திருக்குமோ.

அந்த இடத்தில் உவவோடு சேர்ந்து வரும் வினை மடிதல். திருக்குறளில் மடி என்றால் சோம்பல். அதைக் கடிய ‘மடியின்மை’ என்று ஓர் அதிகாரமே உண்டு. பரதவரின் மடிதல் அதுவன்று. ஒரு துணியை மடித்து வைப்பதுபோல் தொழிலைக் குறித்த நாளில் மடித்து வைத்து, குறித்த நாளில் மறுபடி விரிப்பது அது. இன்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. 2001-இல் 45 நாளாகத் தொடங்கி 2017-இல் 61 நாளாக நீண்ட இந்த இடைவெளிக்கு நாம் தந்திருக்கும் பெயர் தடைக்காலம். தடை என்பது வெளியிலிருந்து ஒருவர் போடுவது, மடிதல் என்பது தாமே செய்வது. மீன் இனம் பெருகுவதற்கு விடும் இடைவெளிக்கு, பரதவரின் வினையிலிருந்து எடுத்து ‘மடிகாலம்’ என்று பெயர் வைத்திருந்தால் அது மீனவர் தாமே ஏற்றுக்கொண்ட நோன்பாக ஒலித்திருக்கும். துறைமுகத்தில் மடி என்ற சொல் வேறு வடிவில் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறது: இழுவலையின் பை மடி, சட்டமும் போராட்டமுமாய்ச் செய்தித்தாளில் அடிபடும் சுருக்குமடி, இரட்டைமடி எல்லாம் அதன் வழி வந்தவையே.

நிலவு நாளில் பரதவர் ஏன் போகவில்லை? தொழில் காரணமும் உண்டு, விழாக் காரணமும் உண்டு. இரவில் வலையை மிதக்கவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு இருட்டு இரவுகளே நல்ல இரவுகள், நிலா வெளிச்சத்தில் மீனுக்கு வலை தெரிந்துவிடும் என்பது கரைதோறும் சொல்லப்படும் கணக்கு. மீன்பாடு குறையும் இரவை விழாவாக்கிக்கொள்வதில் எத்தனை அறிவு இருக்கிறது! அந்த விழா இன்னும் முற்றாக அவியவில்லை. மாசி மாத நிறைநிலாவை ஒட்டி வரும் மாசிமகத்தில் சென்னைக் கரைக்கும் புதுவைக் கரைக்கும் உற்சவ மூர்த்திகள் கடலாட வருகிறார்கள், மீனவக் குப்பங்கள் அவர்களை எதிர்கொள்கின்றன. காசிமேட்டுக்கு வடக்கே திருவொற்றியூரில், புற்றுருவான ஆதிபுரீசுவரரின் கவசம் ஆண்டுக்கு ஒருமுறை, கார்த்திகை நிறைநிலாவை ஒட்டி மூன்று நாள் மட்டுமே களையப்படுகிறது. பெயர் பௌர்ணமியாக மாறிப்போனாலும் வெள்ளுவாவின் பெருமை வடசென்னையில் குறையவில்லை. காருவாவுக்கும் மக்கள் வழக்கு ஒரு சிறப்பைச் சேர்த்திருக்கிறது: ‘நெறஞ்ச அமாவாசை’ என்கிறார்கள். நிலவே இல்லாத நாளுக்கு ‘நிறைந்த’ என்னும் அடைமொழி! கடல் நிறைந்திருக்கும் நாளுக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்று எண்ணி மகிழலாம்.

இனி வேர். உவவு வடமொழி ‘உபவாச’த்தின் திரிபு என்பார் உண்டு. அதற்கு ஒலி இடம் தருகிறது: உயிர்களுக்கு நடுவே நிற்கும் பகரம் பாகதத்தில் வகரமாவது வழக்கம், தபஸ் தவமாக வந்தது அவ்வழியில்தான். சமண பௌத்தர் நிறைநிலாவிலும் மறைநிலாவிலும் நோன்பு காத்ததும் இந்தக் கருத்துக்கு வலு. உவ என்னும் தமிழ் அடியிலிருந்தே கொள்வது மற்றொரு வழி. உவத்தல் மகிழ்தல், உவகை மகிழ்ச்சி, நெஞ்சம் பொங்குவது. என் மனம் இரண்டாம் வழியில் சாய்கிறது. உபவாசம் பட்டினி கிடக்கும் நாள். பட்டினப்பாலைப் பரதவரோ உவவில் உண்கிறார்கள், குடிக்கிறார்கள், ஆடுகிறார்கள். நோன்பிலிருந்து பிறந்த பெயர் இத்தனை பழைய பாட்டிலேயே விருந்தைச் சுமந்து வருமா? உவர், உவரி என்று கடலைக் குறிக்கும் சொற்களும் இதே ஒலியில் தொடங்குகின்றன. ஒலி ஒத்தால் மட்டும் உறவு ஆகிவிடாது, ஆகவே அதைச் சான்றாக வைக்காமல் செவிக்கு இன்பமாக மட்டும் வைத்துக்கொள்வோம்.

எந்த வேரானாலும் சொல்லைப் பேணியவர்கள் மலையாளிகள். உவாவு என்பதன் முதல் உயிர் உதிர்ந்து அங்கே ‘வாவு’ ஆயிற்று. கறுத்த வாவு, வெளுத்த வாவு என்று காருவாவும் வெள்ளுவாவும் அப்படியே வழங்குகின்றன. நம் ஆடி அமாவாசையை ஒட்டி வரும் கர்க்கடக வாவில் ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் முன்னோருக்குப் பிண்டம் இடுகிறார்கள். பாடநூலில்கூட உவாக்காலப் பேரேற்றத்துக்கு ‘வாவு வேலி’ என்றே பெயர், சிற்றேற்றத்துக்கு ‘சப்தமி வேலி’. இந்த வேலி தோட்டத்து வேலி அன்று. கடல், கரை, கடலேற்றம், காலம் என்று பல பொருள் சுமந்த வேலா என்னும் சொல். நம் இலக்கியத்தில் கடலைக் குறிக்கும் வேலையும், பொழுதைக் குறிக்கும் வேளையும் அதன் உறவுகள் என்பது அகராதி வழக்கு. இலங்கைக்குப் போனால் பாலி மொழியின் உபோசதம் தேய்ந்து ‘போயா’ என்று நிற்கிறது. நிறைநிலா நாள் அங்கே அரசு விடுமுறை. ஆழிப்பேரலை வந்த 2004 டிசம்பர் 26 அப்படியொரு போயா நாள். நிலநடுக்கத்துக்கும் நிலவுக்கும் கணக்கில்லை, ஆனாலும் அந்த நாள் வெள்ளுவாவாகவும் ஞாயிற்றுக்கிழமையாகவும் அமைந்ததை இந்தக் கரை மறக்காது.

காசிமேட்டில் இன்று கணக்கை ஆள்வது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். நகரம் மீன் வாங்க வரும் காலை அது. பல நாள் தங்கிப் பிடிக்கும் லாஞ்சுகள் அந்தக் காலையில் ஏலத்துக்கு மீனோடு நிற்கும்படி புறப்பாட்டை வகுத்துக்கொள்கின்றன. புரட்டாசியில் வாங்குவோர் குறைய, அந்தக் கணக்கும் தளர்கிறது. பதினைந்து நாள் உவாவை ஏழு நாள் கிழமை வென்றுவிட்டது எனலாம். இன்னொரு காரணம் கரையின் இயல்பு. கடல் இங்கே நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது, ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பிந்துகிறது. ஆனால் உவாவை ஒட்டியும் ஏற்ற இறக்கத்தின் வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். குசராத்தின் பவநகர்க் கரையில் அது எட்டு மீட்டரைத் தாண்டும். ஆழமான துறையிலிருந்து புறப்படும் லாஞ்சுக்கு அந்த ஒரு மீட்டர் பொருட்டில்லை. எண்ணூரில் கொசத்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் இறால் பிடிப்பவருக்கோ அதுவே எல்லாம்.

ஆகவே சென்னைக் கடலவர் பெயரிட்டு நுணுக்கியது ஏற்றத்தை அன்று, நீரோட்டத்தையும் காற்றையும்தான். நீரோட்டத்துக்கு இவர்கள் சொல்வது வெள்ளம். தெற்கிலிருந்து ஓடுவது தெண்டி வெள்ளம், வடக்கிலிருந்து ஓடுவது வன்னி வெள்ளம். தென் என்பது தெண்டியில் தெளிவாகவே காதில் விழுகிறது. ஊருக்குள் புகும் பெருக்கை மட்டும் வெள்ளம் என்று அறிந்த நமக்கு இது புதுமை. தண்ணீரையே வெள்ளம் என்னும் மலையாளத்துக்கும், பேரெண்ணுக்கு வெள்ளம் என்று பெயர் வைத்த பழந்தமிழுக்கும் இது இயல்பு. காற்றில் வடக்கிலிருந்து வருவது வாடை, மேற்கிலிருந்து வருவது கச்சான். சங்கத் தலைவியின் தனிமையைக் கூட்டிய வாடை இங்கே வலை போடலாமா கூடாதா என்று சொல்லும் காற்று. வானம் கெட்டால் துறைமுகத்தில் கூண்டு ஏறும். பகலில் கூம்பும் உருளையுமாய், இரவில் விளக்குகளாய், ஒன்று முதல் பதினொன்று வரை எண்ணிட்ட புயல் குறிகளுக்குத் தமிழ் மக்கள் தந்த பெயர் அது. எண்ணைச் சொன்னாலே போதும், படகுகள் திரும்பும்.

ஓதம் என்னும் சொல்லுக்கும் ஒரு வார்த்தை. கடலேற்றத்துக்கும் அலைக்கும் இலக்கியம் தந்த பெயர் அது. ஓதை என்றால் ஒலி, அதனால் ஓதம் என்றதும் இரைச்சலும் கேட்பதுபோல் இருக்கும். வீட்டு வழக்கில் அது சுவரில் ஏறும் ஈரமாகச் சுருங்கிவிட்டது, பாடநூலில் மட்டும் பழைய பொருளோடு நிற்கிறது. அங்கேயும் ஒரு குழப்பம் இருக்கிறது. உவாவை ஒட்டி வரும் பேரேற்றத்தை ‘உயர் ஓதம்’ என்கிறோம். நாள்தோறும் இருமுறை வரும் ஏற்றத்துக்கும் அதே சொல் பொருந்திவிடுவதால் மாணவர் மயங்குகிறார்கள். ஏற்றம் எப்போது வரும் என்பதைப் பெயரே சொல்லிவிடும்படி உவா ஓதம் என்று எழுதலாம். எட்டாம் நாளை ஒட்டிய சிற்றேற்றத்தை எண்மி ஓதம் எனலாம். பாடநூல் எழுதுவோரும் கலைச்சொல் வகுப்போரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்பர்களே, நீங்களும் ஒன்று செய்யுங்கள்: காசிமேட்டிலோ எண்ணூரிலோ வயதான கடலவர் ஒருவரைச் சந்தித்தால் வெள்ளத்துக்கும் காற்றுக்கும் நிலவுக்கும் அவர் சொல்லும் பெயர்களைக் கேட்டு, ஒலி மாறாமல் எழுதி வையுங்கள்.