பரிகாரப் பலியும் கஃப்பாராவும்

பாலாற்றங்கரையின் தோல் ஊர்களில் முஸ்லிம்களும் கிறித்துவர்களும் தலைமுறை தலைமுறையாக அண்டை அயலாராக வாழ்ந்து வருகிறோம். ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் நிறுவிய ஆற்காடு மிஷனையும், 1900இல் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணியையும் நம்மவர் நன்கறிவர். 1920களில் ஆம்பூரில் பெத்தெஸ்தா மருத்துவமனையைத் தோற்றுவித்த அமெரிக்க மிசௌரி லூத்தரன் சபையார், வாணியம்பாடியில் முஸ்லிம்களிடையே சமயப் பணி புரியவென்றே அடால்ஃப் புரூக்ஸ் என்ற பாதிரியாரை அமர்த்தினர். இவர்கள் அனைவருடைய போதனைக்கும் நடுநாயகமாக நின்றது பாவநிவிர்த்திக் கொள்கை. மாந்தரின் பாவத்துக்கு ஈடாக ஈஸா (அலை) அவர்கள் சிலுவையில் உயிர்ப்பலியானார்கள் என்பது. இதனை நாம் ஏற்பதில்லை. எனினும், ஏற்காத ஒன்றையும் அதை ஏற்பவர் கொள்ளும் பொருளில் அறிந்துகொள்வதே நியாயம்.

இக்கொள்கையின் வேர் யூதரின் பரிகார நாளில் உள்ளது. தவ்ராத்தின் பகுதியாக அவர்கள் போற்றும் லேவியர் ஆகமம், அந்நாளில் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொண்டுவரச் சொல்கிறது. ஒன்று பலியிடப்படும், மற்றதன் தலைமேல் மக்களின் பாவங்கள் அறிக்கையிடப்பட்டு, அது வனாந்தரத்துக்கு ஓட்டிவிடப்படும். அந்நாளின் பெயரான 'கிப்பூர்' என்பதும், நமது 'கஃப்பாரா'வும் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்தவை. சொல் ஒன்றாயினும் பொருள் பிரிந்துவிட்டது. நமக்குக் கஃப்பாரா என்பது குற்றம் செய்தவரே நிறைவேற்ற வேண்டிய கடமை. செய்த சத்தியத்தை முறித்தவர் பத்து ஏழைகளுக்கு உணவளிக்கிறாரே, அது போல. கிறித்துவரோ அந்தக் கடாக்களில் ஈஸா நபியின் முன்னடையாளத்தைக் கண்டனர்.

அந்தப் பலி எவ்வாறு பாவத்தைத் தீர்க்கிறது என்பதில் அவர்களும் ஒரே கருத்தினர் அல்லர். ஷைத்தானிடம் சிறைப்பட்ட மனிதனை மீட்கக் கொடுத்த விலை என்றார் மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜன். பாவம் இறைவனின் மாண்புக்குச் செய்த குறை. அக்கடனைத் தீர்க்க மனிதனால் இயலாது என்று 1098இல் வாதிட்டார் கேன்டர்பரி பேராயர் ஆன்செல்ம். அடுத்த தலைமுறை அறிஞர் அபெலார்டோ, சிலுவை மனிதனின் நெஞ்சில் அன்பை எழுப்புகிறது என்பதையே முதன்மைப்படுத்தினார். நமக்குரிய தண்டனையை அவர் ஏற்றார் என்ற விளக்கம் பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகளால் ஓங்கியது. நம் ஊர்த் தெருக்களில் மிஷனரிகள் வாயிலாகப் பரவியது பெரிதும் இந்தக் கடைசி விளக்கமே. நம்மவரின் மறுப்புகளும் அதை நோக்கியே எழுந்தன.

"பிள்ளை குற்றம் செய்தால் தகப்பன் சும்மா மன்னிக்க முடியாதா? இரத்தம் எதற்கு?" என்று நாம் கேட்பதுண்டு. அதற்கு அவர்கள் தரும் விடையை நம் வணிகர்கள் பேரேட்டைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். தோல் மண்டியில் ஒருவர் பெருந்தொகை பாக்கி வைத்து நொடித்துப் போகிறார். கடன் கொடுத்தவர் இரக்கப்பட்டுக் கணக்கை அடித்துவிடுகிறார். பாக்கி மறைந்ததா? இல்லை, நட்டத்தைக் கொடுத்தவரே ஏற்றுக்கொண்டார். இறைவனின் மன்னிப்பும் அப்படியே அவனுக்கு ஒரு விலை வைத்தது என்பதே கிறித்துவரின் நம்பிக்கை.

நாம் பிரிந்து நிற்கும் இடம் இதுதான். அடியானை மன்னிப்பதால் அல்லாஹ்வுக்கு எந்த நட்டமும் இல்லை. பாவத்தால் அவன் மாண்பு குன்றுவதுமில்லை. அவன் கருவூலத்தை எத்தனை கொடையாலும் குறைக்க முடியாது என்பது ஹதீஸ் குத்ஸியின் கருத்து. ஆதம் (அலை) அவர்கள் தவ்பா செய்தார்கள், மன்னிக்கப்பட்டார்கள், மக்களுக்கு எஞ்சிய கடன் ஏதுமில்லை. ஒருவர் பாவச் சுமை மற்றவர் மேல் ஏறாது என்பதைத் திருமறை ஐந்து இடங்களில் உணர்த்துகிறது. சிலுவை மரணத்தையும் அது மறுக்கிறது.

ஆனால் இந்த விடையோடு நாம் நிம்மதியாகத் திரும்பிவிட இயலாது. அல்லாஹ்வுக்கு நட்டமில்லை, அயலானுக்கு உண்டு. ஹுகூகுல் இபாத் எனும் மனிதர் உரிமையில் செய்த குற்றம், உரியவருக்கு ஈடு செய்யாமல் தீர்வதில்லை. தொழுகையும் நோன்பும் நிறையக் கொண்டுவந்தும், பிறருக்கிழைத்த அநீதிக்காக அவற்றையெல்லாம் இழந்து, அவர்களுடைய பாவங்களையும் தலையில் ஏற்பவனையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 'முஃப்லிஸ்', திவாலானவன், என்றார்கள். இன்ஜீலில் வரும் சகேயு என்ற வரித் தண்டலாளனும், ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்ன பின்னரே மீட்புக்குரியவனாக அறிவிக்கப்படுகிறான்.

1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில், சூழலைக் கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழானதாக அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. ஐந்து மாவட்டங்களின் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அந்த ஆலைகளில் நம் சமுதாயத்தாருடையவை எத்தனை என்று நமக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஜனவரி 30இல் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது. பாதிக்கப்பட்டோருக்கு அரசு இழப்பீட்டை முதலில் வழங்கி, பின்னர் அத்தொகையைக் கெடுத்தவர்களிடமிருந்தே வசூலிக்குமாறு அது ஆணையிட்டது.