வைட்டமின் ஈ: காவிரிப் படுகை உணவில்

வைட்டமின் ஈ கொழுப்பில் கரையும் உயிர்ச்சத்து. டோகோபெரால் நான்கு, டோகோட்ரையீனால் நான்கு என இதற்கு எட்டு வடிவங்கள் உண்டு. உயிரணுச் சவ்வுகளின் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் சிதையாமல் காப்பது இதன் முதன்மைப் பணி. எட்டில் ஆல்பா டோகோபெராலையே கல்லீரல் பெரும்பாலும் தக்கவைத்து இரத்தத்தில் சேர்க்கிறது. 1922-இல் ஹெர்பர்ட் எவன்சும் கேதரின் பிஷப்பும் கலிபோர்னியாவில் எலிகளிடம் நடத்திய ஆய்வில் இச்சத்து தெரியவந்தது.

நெல்லில் இது கருவிலும் தவிட்டிலும் தங்கியிருக்கிறது. தஞ்சை, திருவாரூர் வட்டாரங்களின் அன்றாடச் சோறு புழுங்கலரிசிச் சோறு. நெல்லை ஊறவைத்து அவிக்கையில், நீரில் கரையும் வைட்டமின் பி1 தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடும். தீட்டிய பிறகும் அதில் ஒரு பகுதி எஞ்சும். வைட்டமின் ஈயோ எண்ணெயோடு சேர்ந்தது. அவிக்கும்போது எண்ணெய் வெளிப்பக்கமே நகர்வதால், புழுங்கல் தவிட்டில் எண்ணெய் 20 விழுக்காட்டுக்கும் மேல் சேர்கிறது. வெள்ளையாகத் தீட்டிய அரிசியில் வைட்டமின் ஈ இல்லை என்றே சொல்லலாம். கைக்குத்தல் அரிசியிலும் 100 கிராமுக்குச் சுமார் 1 மில்லிகிராம்தான்.

இப்படி ஒதுங்கும் தவிடு நெடுங்காலம் மாட்டுத்தீவனமாகவே போனது. பச்சரிசித் தவிடு, அரைத்த சில மணி நேரத்திலேயே லைபேஸ் நொதியால் காறத் தொடங்கும். அவித்த நெல்லில் வெப்பம் அந்த நொதியை அடக்கிவிடுகிறது. பழைய ஹல்லர் மில்களில் உமியும் தவிடும் கலந்தே விழுந்தன. இரண்டையும் பிரிக்கும் நவீன அரிசி ஆலைகள் வந்த பிறகே தவிட்டெண்ணெய் எடுப்பது எளிதாயிற்று. மழையில் நனைந்த குறுவை நெல்லைக் காக்கும் தேவையையொட்டி 1967-இல் திருவாரூரில் தொடங்கிய ஆய்வகமே, பின்னர் தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்தது.

தவிட்டெண்ணெயில் 100 கிராமுக்குச் சுமார் 30 மில்லிகிராம் ஆல்பா டோகோபெராலும், அதோடு டோகோட்ரையீனாலும் ஒரைசனால் என்னும் ஆக்சிஜனேற்றத் தடுப்பியும் உண்டு. கடலை எண்ணெயில் ஆல்பா அளவு அதில் பாதி. நல்லெண்ணெயில் காமா டோகோபெராலே மிகுதி. தேங்காயெண்ணெயில் இச்சத்து மிகச் சொற்பம். பட்டுக்கோட்டைப் பக்கம் விளையும் நிலக்கடலை ஒரு கைப்பிடி (30 கிராம்) தின்றால் 2 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும். முருங்கைக்கீரையும் கைகொடுக்கும், கீரையைச் சிறிது எண்ணெயில் தாளிப்பது சத்து உடலில் ஏற உதவும். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் சத்து அழியும்.

வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் என்பது அமெரிக்க மருத்துவக் கழகம் 2000-இல் வகுத்த அளவு. குறைபாடு அரிது, கொழுப்பை உறிஞ்ச முடியாத நோயாளிகளிடமும் குறைமாதக் குழந்தைகளிடமும் காணப்படும். நரம்புப் பாதிப்பு, இரத்தச் சிவப்பணுச் சிதைவு இதன் விளைவுகள். மாத்திரையாக அதிக அளவில் உட்கொண்டால் இரத்தம் உறைவது தடைப்படலாம். எனவே இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதை எடுக்கக்கூடாது.