நாணயத்திற் பொறித்த விளையாட்டு விழாக்கள்

நாணயம் பண்டமாற்றுக்கு மாத்திரம் அமைந்த கருவியன்று. உலகத்தார் எதனை நினைவிற் கொள்ளல் வேண்டுமென அதனை வெளியிட்டோர் விரும்பினரோ, அதனையும் அது தாங்கி நிற்கும். விளையாட்டு விழாக்களைக் குறித்த நாணயங்களை வரலாற்று முறையில் நோக்குமிடத்து, விழாவின் பெருமை யாரைச் சாரும் என்னும் வினாவுக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடை கூறப்பட்டமை புலனாகும்.

கி. மு. 356 இல் மசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப்பின் குதிரை ஒலிம்பியாவில் வெற்றிபெற்றது. அவனுடைய வெள்ளி நாணயங்கள் சிலவற்றில் வெற்றிக்கு அறிகுறியான ஈந்தோலை ஏந்திக் குதிரைமேல் இவர்ந்த இளைஞனும், பொன் நாணயங்களில் இரட்டைக் குதிரை பூட்டிய தேரும் காணப்படும். ஒலிம்பியாவிற் பெற்ற தேர் வெற்றிகளை அவன் நாணயங்களிற் பொறித்தான் என்பர் புளூட்டாக்கு. மசிடோனியரைக் கிரேக்கரெனக் கொள்ளத் தயங்கியோர் பலர் இருந்த காலம் அது. கிரேக்கருக்கே உரிய விழாவில் வென்றமையை நாணயம் கைதோறும் கொண்டுசென்றது. ஈண்டுப் பெருமை முழுவதும் மன்னனுக்கே.

தற்கால ஒலிம்பிக் விழாவைக் குறித்த முதல் நாணயம், 1952 இல் ஹெல்சிங்கியில் நடந்த விழாவுக்காகப் பின்லாந்து வெளியிட்ட 500 மார்க்கா வெள்ளி நாணயம் என்பர். அதில் மன்னனுமில்லை, வீரனுமில்லை. ஐந்து வளையங்களே விளங்குகின்றன. 1964 இல் டோக்கியோ விழாவுக்காக யப்பான் வெளியிட்ட 1000 யென் வெள்ளி நாணயத்திலோ பூஜி மலையும் செரிப் பூக்களும் பொறிக்கப்பட்டன. போரில் நலிந்து மீண்ட நாடு தன்னை உலகுக்குக் காட்டிக்கொண்ட முறை அது.

இவ்வினா அரசியற் பிணக்காகவே மாறியது 1972 ஆம் ஆண்டு விழாவை முன்னிட்டாகும். மூனிக் நகரில் நடைபெறவிருந்த அவ்விழாவுக்கு மேற்கு ஜேர்மனி வெளியிட்ட 10 மார்க்கு வெள்ளி நாணயத்தின் சுற்றெழுத்தில், விழா 'ஜேர்மனியில்' நடைபெறுவதாகப் பொறிக்கப்பட்டிருந்தது. ஒலிம்பிக் விழா நகரத்துக்கு வழங்கப்படுவதேயன்றி நாட்டுக்கு வழங்கப்படுவதன்று. மேலும், அந்நாளில் ஜேர்மனி இரண்டாகப் பிளவுற்றிருந்தது. பொதுப்பெயரை ஒரு பகுதி தனதாக்கியதைக் கிழக்கு ஜேர்மனி கண்டித்தது. ஒரு கோடி நாணயங்கள் அச்சிடப்பட்ட பின்னர், அச்சொல் நீக்கப்பட்டு 'மூனிக்கில்' எனப் பொறித்த நாணயம் வெளிவந்தது.

1990 இல் இரு ஜேர்மனிகளும் ஒன்றாயின, பிணக்குந் தீர்ந்தது. ஆயினும், இருவகை நாணயங்களும் இன்றும் சேகரிப்போர் பேழைகளில் அருகருகே கிடக்கின்றன. வடிவாலும் நிறையாலும் அவற்றிடை வேற்றுமையில்லை. வேறுபடுவது ஒரு சொல்லே. அவ்வொரு சொல்லில் ஒரு நாட்டின் பிளவு அடங்கியிருத்தலை வரலாறு பயில்வோர் கருதுதல் வேண்டும்.