நிலக்கரிக் கம்பெனி பெற்ற கயிறு

அமெரிக்காவில் வில்லெடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் தரையில் காத்திருப்பதில்லை. 15, 20 அடி உயரத்தில் மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வெண்வால் மானுக்கு மூக்குதான் காவல்காரன். மனித வாடை அதன் தலைக்கு மேலாகக் காற்றில் போய்விட வேண்டும் என்பது கணக்கு. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தோடு முடிந்துபோன சங்கதி இது. அங்கே உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு இலையுதிர் காலம் முழுக்க நடக்கிறது.

வேட்டையைவிட மரமேறுவதுதான் பெரும்பாடு. திருகாணி போன்ற இரும்புப் படிகளை மரத்துக்குள்ளேயே முறுக்கி இறக்கிவிட்டு, அதன்மேல் கால்வைத்து ஏறுவது பழைய வழக்கம். மரத்தில் துளை விழும், அந்த வழியாகப் பூஞ்சை நுழையும். உள்ளே மறந்துவிட்ட இரும்பு பின்னொரு நாள் அறுவை மில்லில் வாளின் பல்லை உடைக்கும். மிச்சிகன் போன்ற மாநிலங்கள் பொது நிலங்களில் இதற்குத் தடை போட்டன. ஆணியும் கூடாது, திருகும் கூடாது என்றானபின், படியை மரத்தோடு கட்டித்தான் ஆகவேண்டும்.

எதனால் கட்டுவது? கயிற்றால் கட்டுகிற படி கையடக்கமான ஓர் இரும்புத் துண்டு. கயிற்றை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து படியின் தண்டில் மாட்டிப் படியைக் கீழே அமுக்கினால், அது நெம்புகோலாகி, கயிறு பட்டையில் ‘கிறுக்’கென்று பதியும். ஏறுகிறவரின் எடைதான் அந்த இறுக்கத்தைக் காப்பாற்றுகிறது. ஆகவே கயிறு ஒரு விரற்கடை நீண்டுகொடுத்தாலும் படி சரிந்துவிடும். நைலான் கயிறு நீளும், அதுவும் நனைந்தால் இன்னும் நீளும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பாலிபுரொப்பிலீன் கயிறு வெயிலில் நைந்துபோகும். பக்கிள் வைத்த நாடாப் பட்டை வலுவானதுதான்; ஆனால் விடியற்காலையின் நிசப்தத்தில் பக்கிள் படியில் பட்டு ‘டிங்’கென்றால் அன்றைய வேட்டை அதோடு சரி. மெல்லியதாக, நீளாததாக, தண்ணீர் குடிக்காததாக, சத்தமில்லாததாக ஒரு கயிறு அவர்களுக்குத் தேவைப்பட்டது. இவர்களைக் கனவிலும் நினைக்காத ஆட்கள் அப்படி ஒன்றை வேறொரு கண்டத்தில் ஏற்கெனவே செய்து வைத்திருந்தார்கள்.

அதன் மூலப்பொருள் பாலிஎத்திலீன், நாம் கறிகாய் வாங்கிவரும் பையின் பிளாஸ்டிக். 1933 மார்ச்சில் இங்கிலாந்தின் நார்த்விச் பக்கத்தில் ஐ.சி.ஐ. கம்பெனியின் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் இருவரும் எத்திலீன் வாயுவைக் கடும் அழுத்தத்தில் வைத்து வேறெதையோ எதிர்பார்த்தபோது, பாத்திரத்தில் வெள்ளை மெழுகாக ஒட்டிக்கொண்டிருந்தது இது. 20 ஆண்டு கழித்து ஜெர்மனியில் கார்ல் சீக்லர் அழுத்தமே பெரிதாகத் தேவைப்படாத வினையூக்கியைக் கண்டுபிடித்தார். அதற்கப்புறம் மூலக்கூற்றுச் சங்கிலியை வேண்டிய மட்டும் நீளமாக்க முடிந்தது. சாதாரணப் பையில் மூலக்கூறு எடை ஒன்றிரண்டு லட்சம் என்றால், நீளச் சங்கிலி வகையில் 30 லட்சத்தைத் தாண்டும். தேய்மானத்துக்கு அசையாத பொருள் அது. 1962-இல் ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் செயற்கை இடுப்பு மூட்டின் கிண்ணமாக இதைப் பொருத்தினார். இன்றும் எத்தனையோ பேர் இதே பொருளின்மேல்தான் நடக்கிறார்கள்.

ஆனால் அதிலிருந்து நூல் எடுக்க முடியவில்லை. சூடாக்கினால் இளகும், ஓடாது. இடியாப்பச் சிக்கலாக ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் சங்கிலிகள் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்க வேண்டுமே!

இங்கேதான் நெதர்லாந்தின் தென்கோடியில் உள்ள லிம்பர்க் வருகிறது. டி.எஸ்.எம். என்ற கம்பெனியின் பெயரே ‘டச்சு அரசுச் சுரங்கங்கள்’ என்பதன் சுருக்கம். 1902-இல் நிலக்கரி வெட்டுவதற்காகத் தொடங்கப்பட்டது. கரியைச் சுட்டபோது கிடைத்த வாயுவிலிருந்து உரம் செய்யப் பழகி, மெல்ல ரசாயனத்துக்குள் நுழைந்தது. 1965 டிசம்பரில் அமைச்சர் யோப் டென் அய்ல் ஹேர்லன் நகரத்துக்கே வந்து சுரங்கங்கள் மூடப்படும் என்று அறிவித்தார். 1974 முடிவதற்குள் லிம்பர்க்கில் கடைசிச் சுரங்கமும் மூடியாயிற்று. ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு இடி விழுந்த காலம் அது. கம்பெனி இனி பிழைப்பது ஆய்வுக்கூடத்தின் கையில்தான் இருந்தது.

அந்த ஆய்வுக்கூடத்தில் 1963-லேயே ஆல்பர்ட் பென்னிங்ஸ் ஒரு விசித்திரத்தைப் பார்த்திருந்தார். பாலிஎத்திலீனைக் கரைப்பானில் கரைத்துக் கலக்கிக்கொண்டே ஆறவிட்டபோது, கலக்கும் தண்டைச் சுற்றி நார்நாராக ஏதோ படிந்திருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் நடுவே நேரான ஓர் இழை, அதில் தட்டுத்தட்டாகப் படிகங்கள் கோத்திருந்தன. கம்பியில் குத்திச் சுடும் கபாப் நினைவுக்கு வரவே, ‘ஷிஷ்-கபாப்’ என்பதே அதன் அறிவியல் பெயராகிவிட்டது. கலக்கும் ஓட்டத்தில் சிக்கல் பிரிந்து சங்கிலிகள் நேராக நிற்கின்றன என்பது அதன் பொருள். பென்னிங்ஸ் பிறகு குரோனிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போய், கரைசலிலிருந்து வலுவான இழையை நேரடியாக இழுத்தும் காட்டினார். அது நத்தை வேகத்தில் வந்தது, ஆலைக்கு உதவாது.

முடிச்சை அவிழ்த்தவர்கள் டி.எஸ்.எம்.மின் பால் ஸ்மித், பீட் லெம்ஸ்ட்ரா. 1979-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். நீளச் சங்கிலிப் பாலிஎத்திலீனை நூற்றுக்குச் சில பங்கு மட்டும் கரைப்பானில் கரைத்தார்கள். நீர்க்கக் கரைத்தால் சங்கிலிகள் விலகி நிற்கும், சிக்கல் குறையும். அதைச் சிறு துளை வழியாகத் தண்ணீரில் பிழிந்தால் ஈர ஜெல்லியாக ஒரு நூல் வரும். அப்போதும் சங்கிலிகள் மறுபடி பின்னிக்கொள்வதில்லை. சூடான அடுப்புக்குள் அந்த நூலை 30 மடங்குவரை இழுத்தால், சங்கிலி அத்தனையும் ஒரே திசையில் நேராகிவிடும். அதே எடையுள்ள எஃகைவிட 15 மடங்குவரை வலு என்று தயாரிப்பாளர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். விளம்பரக் கணக்கு என்று கொஞ்சம் தள்ளிவைத்தாலும் அசாத்தியமான இழைதான். அடர்த்தி 0.97, ஆகவே தண்ணீரில் மிதக்கும். இழுத்தால் மூன்று நான்கு சதவீதத்துக்குமேல் நீளாது, அறுந்துவிடும்.

உரம் விற்ற கம்பெனிக்கு நூல் வியாபாரம் தெரியாது. ஜப்பானின் டொயோபோவோடு கூட்டுச் சேர்ந்து, 1990-இல் பழைய சுரங்க ஊரான ஹேர்லனில் ஆலை திறந்தது. பெயர் டைனீமா. அமெரிக்காவில் அல்லைட் கம்பெனி உரிமம் பெற்று ஸ்பெக்ட்ரா என்ற பெயரில் செய்தது. குண்டு துளைக்காத உடுப்பு, கப்பல் இழுவடம், மீன்வலை என்று இழை பரவியது. சாம்சன் என்ற அமெரிக்கக் கயிற்றுக் கம்பெனி இதை 12 புரிப் பின்னலாக்கி, கப்பல்களில் எஃகு வடத்தின் இடத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கு ஆம்ஸ்டீல் என்றே பெயர் வைத்தது. காட்டில் தூளி கட்டித் தூங்குகிற கூட்டம் அதன் மெல்லிய வகையைப் பிடித்துக்கொண்டது. வேட்டைக்காரர்களும் அதே வகைக்கு வந்து சேர்ந்தார்கள். மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான பருமன். அறுவதற்குச் சராசரியாக 1,600 பவுண்டு வேண்டும்.

இந்தக் கயிற்றின் குணம் கையில் எடுத்தால்தான் தெரியும். சோப்புப் போல வழுக்கும், போட்ட முடிச்சு தானாக உருவிக்கொள்ளும். மாலுமிகள் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் பௌலைன் முடிச்சுகூட இதில் நம்பத்தக்கதல்ல. ஆகவே முடிச்சுப் போடுவதில்லை, செருகுகிறார்கள். கயிற்றின் இரண்டு இடங்களைப் பிடித்து ஒன்றையொன்று நோக்கித் தள்ளினால் பின்னல் உப்பி, நடுவே குழாய்போல வாய் திறக்கும். மழுங்கிய நீண்ட ஊசியில் முனையை மாட்டி உள்ளே ஓட்டி, வெளியே நீவிவிட்டால் கயிறு தன்னையே விழுங்கிவிடும். இழுக்க இழுக்க மேல்பின்னல் உள்கயிற்றை இறுக்கிப் பிடிக்கும். கயிற்றின் பருமனைப்போல 70 மடங்குக்குமேல் வாலை உள்ளே புதைக்கச் சொல்வார்கள். அரை மணியில் பழகிவிடுகிற வேலை. கைமுழுக்கக் கயிற்றின் நீலப் பூச்சு ஒட்டியிருக்கும்.

படிக்கு இதைவிட நல்ல கயிறு இல்லை என்பேன். சீசன் முடிந்தும் அவிழ்க்காமல் விட்டால் மட்டும், மரம் பருக்கும்போது இளகிக் கொடுக்காமல் பட்டைக்குள் இறங்கிவிடும்.

ஏறுகிறவர் தன் இடுப்பிலிருந்து மரத்துக்குப் போட்டுக்கொள்ளும் உயிர்க்கயிறு வேறு சமாசாரம். மூன்றடி சறுக்கினால் நைலான் நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். இது நீளாது, அத்தனை அதிர்ச்சியும் முதுகெலும்புக்குப் போகும். சூடும் ஆகாது, 150 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். உயிர்க்கயிற்றில் ஏற்றி இறக்கும் புரூசிக் முடிச்சு உராய்வாலேயே பிடிக்கிறது; வழுக்குகிற கயிற்றில் பிடிப்பு குறைவு, வழுக்கி ஓடினால் சூடு அதிகம். அதனால் இடுப்புக்கு நைலானோ பாலியெஸ்டரோ உறையும் உள்ளீடுமாகப் பின்னிய மலையேற்றக் கயிற்றைத்தான் அனுபவசாலிகள் நெடுங்காலம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுமையைக் குறைக்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை. இப்போது உள்ளே டைனீமா போன்ற இழை, மேலே சூடு தாங்கும் அராமிட் உறை என்று கயிறுகள் விற்பனைக்கு வருகின்றன. உறை சூட்டைத் தாங்கிக்கொள்கிறது. நீளாத குணம் உள்ளே அப்படியேதான் இருக்கிறது. அதனால் அதைக் கட்டியிருப்பவர் கயிற்றைத் தொய்யவிடாமல், ஏற ஏற மேலே தள்ளிக்கொண்டே போகவேண்டியிருக்கிறது.