மலைநாட்டுத் தோட்டப் பாடசாலைகளும் ஆபத்துக்காலச் செய்தியும்

வருமுன் காத்தல், வந்தபின் காத்தல் எனக் காவலை இருவகைப்படுத்துவர் அறிஞர். இவ்விரண்டிற்கும் பொதுவாகிய முதற்கருவி செய்தியாகும். பாடசாலையில் ஒரு குழந்தை இடறி விழுந்து எலும்பு முறிந்தாலும், பாடசாலைக்கு மேலுள்ள மலைச்சரிவு பிளந்து நின்றாலும், அச்செய்தி உரியவர் செவியை உரிய காலத்தில் எட்டுகின்றதா என்பதைப் பொறுத்தே பின்விளைவு அமைகின்றது. இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை முதலிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில், ஆபத்துச் செய்தி எவ்வழியாகச் சென்றது, எவருடைய அனுமதிக்காகக் காத்து நின்றது என்பதை ஆராய்தல் தோட்டப் பாடசாலை வரலாற்றின் இன்றியமையாத ஒரு கூறாகும்.

கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்திலேயே தமிழகத்துத் தொழிலாளர் இம்மலைகளுக்கு வரத் தொடங்கினர். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. புகையிரதப் பாதை 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. எனினும், நிலையத்திலிருந்து லயங்களுக்குச் செல்லும் வழி பெரும்பாலும் கால்நடை வழியாகவே இருந்தது. அவ்வழியினும் நெடியது அதிகாரத்தின் வழி. தொழிலாளி தன் குறையைக் கங்காணியிடம் சொல்ல வேண்டும்; கங்காணி கணக்கப்பிள்ளையிடமும், கணக்கப்பிள்ளை சின்னத்துரையிடமும் சொல்ல, பெரியதுரையின் செவிக்கு அது இறுதியில் எட்டும். அயலார் தோட்டத்துள் நுழைவது அத்துமீறலாகக் கருதப்பட்டமையால், வெளியுலகின் உதவி நேரே உள்ளே வருதலும் அரிதாயிற்று.

‘துண்டு’ என்னும் சொல்லுக்கு இவ்வரலாற்றில் தனியிடம் உண்டு. தொழிலாளியின் கடனைக் குறித்து, அதனை ஏற்பவரிடம் அவன் போகலாம் என இசைவு தெரிவிக்கும் சீட்டே துண்டு எனப்பட்டது. இம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடன்துண்டு ஒழிந்தபோதிலும், மேலிடத்துச் சீட்டின்றி எதுவும் அசையாது என்னும் மனப்பாங்கு உடனே ஒழிந்துவிடவில்லை. ஆபத்துவேளையில் காலத்தை விழுங்குவது பெரும்பாலும் இம்மனப்பாங்கே.

நோயும் விபத்தும் பற்றிய சட்டங்கள் தோட்டங்களுக்குப் பாடசாலைச் சட்டத்தினும் முன்னரே வந்தன. 1872இல் தொடங்கி, 1880, 1882 ஆகிய ஆண்டுகளில் திருத்தம் பெற்று வந்த இச்சட்டமுறை, 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தில் நிலையான வடிவம் பெற்றது. தோட்டத்தில் நிகழும் நோய்களை அறிந்திருத்தல், கடுமையான நோயோ விபத்தோ நேரின் மாவட்ட மருத்துவ அதிகாரிக்கு ஆளனுப்புதல், பிறப்பு இறப்புகளை அறிவித்தல் ஆகியன தோட்டத் துரையின் கடமைகளாக விதிக்கப்பட்டன. விபத்தை அறிவித்தலைச் சட்டப்படியான கடமையாக்கியமை அச்சட்டத்தின் சிறப்பு. அக்கடமை விபத்தைக் கண்ணாற் காண்பவர்மீது வையாமல், அதனைப் பிறர் சொல்லக் கேட்கும் துரைமீது வைக்கப்பட்டமை அதன் குறை. துரை அறியாத விபத்து, சட்டத்தின் பார்வையில் நிகழாத விபத்தாயிற்று.

பாடசாலையும் ஏறக்குறைய அவ்வாறே அமைந்தது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடம் விட்டது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் அதனை வலியுறுத்திற்று. ஆயினும், அக்காலத்துத் தோட்டப் பாடசாலை பெரும்பாலும் ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் உடையதே. ஐந்து வகுப்புப் பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் இருப்பர். ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேரின், அவ்வாசிரியர் அப்பிள்ளையைத் தூக்கிச் செல்வதா, எஞ்சிய பிள்ளைகளைக் காப்பதா என்பது விடைகாண இயலாத வினா. மூத்த மாணவன் ஒருவனைத் தோட்ட மருந்தகத்துக்கு ஓடச்செய்தலே அவருக்கு எஞ்சிய வழி. 1945இல் இலவசக் கல்வி நாட்டில் நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் அதற்குப் புறம்பாகவே நின்றன. தோட்டத்தார் கட்டடமும் ஆசிரியர் குடியிருப்பும் நிலமும் அளித்தல் வேண்டும் என 1947ஆம் ஆண்டுத் திருத்தம் கூறிற்று. கூறிய அளவிற்கு அது செயற்படவில்லை.

இத்துணைக் குறைகளுக்கிடையிலும் அப்பழைய அமைப்பில் ஒரு வசதி இருந்ததை மறுத்தலாகாது. பாடசாலை, மருந்தகம், பிள்ளைக்காம்பரா, கொழுந்து ஏற்றும் லொறி ஆகிய யாவும் ஒரே நிருவாகத்தின்கீழ் இருந்தன. துரை ‘ஆம்’ என்று ஒருமுறை சொன்னால், லொறி புறப்படும். மருந்தகக் கதவு திறக்கும். அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தமையே துன்பம்.

1970களில் இந்நிலை மாறிற்று. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977ஆம் ஆண்டையொட்டித் தோட்டப் பாடசாலைகளும் படிப்படியாக அரசினரால் ஏற்கப்பட்டன. பின்னர் சுவீடன், செருமனி முதலிய நாடுகளின் உதவியால் கட்டடங்கள் எழுந்தன. பத்தனையில் ஸ்ரீபாத தேசியக் கல்வியியற் கல்லூரி தோன்றிற்று. தோட்டத்துப் பிள்ளை நாட்டின் பிள்ளையாயிற்று என இதனைப் போற்றுதல் தகும். அதே வேளையில் ஒரு பிளவும் நேர்ந்தது. 1992இல் தோட்ட நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. பாடசாலை கல்வித் திணைக்களத்துக்கு உரியது. அது நிற்கும் நிலத்தைச் சூழ்ந்த மலையும் மரமும் பாதையும் வாகனமும் தோட்டத்துக்கு உரியவை. தோட்ட மருத்துவ நிலையங்களுள் சில அரசைச் சார்ந்தன. ஏனையவை தோட்டத்திலேயே நின்றன. அதிபரின் அறிக்கை வலயக் கல்விப் பணிமனைக்கு ஏறுகின்றது; கணக்கப்பிள்ளையின் அறிக்கை தோட்டக் காரியாலயத்துக்கு ஏறுகின்றது. அருகருகே உள்ள இவ்விரு படிக்கட்டுகளும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை.

செய்தி தவறிய இடத்தில் யாது விளையும் என்பதற்கு உலக வரலாறு கொடிய சான்று ஒன்றை வைத்திருக்கின்றது. வேல்ஸ் நாட்டில் அபர்வான் என்பது நிலக்கரித் தொழிலாளரின் ஊர். அவ்வூர்ப் பாடசாலைக்கு மேலுள்ள மலையிற் சுரங்கக் கழிவு குவிக்கப்பட்டு வந்தது. அதனாற் பாடசாலைக்கு ஆபத்து உண்டென நகரப் பொறியியலாளர் 1963இலேயே கடிதம் எழுதினார். வெள்ளம் பற்றித் தாய்மார் எழுதிய முறையீடும் 1965இல் தலைமையாசிரியை வாயிலாக மேலே சென்றது. 1966 ஒக்டோபர் 21ஆந் தேதி காலை, பாடம் தொடங்கும் வேளையில் அக்குவியல் சரிந்து பாடசாலையை மூடிற்று. 116 குழந்தைகளும் 28 பெரியோரும் மாண்டனர். அத்தலைமையாசிரியையும் அவருள் ஒருவர். செய்தி ஏறிற்று, ஏறிய இடத்தில் உறங்கிற்று. நிலக்கரிச் சபையே பொறுப்பென விசாரணைமன்று 1967இல் தீர்த்தது. 1969இல் கழிவுக் குவியல் பற்றிய சட்டம் பிறந்தது. சட்டம் பிறந்தது குழந்தைகள் இறந்தபின்.

தமிழகத்தில் 2004 யூலை 16ஆந் தேதி கும்பகோணத்தில் நிகழ்ந்ததும் நெஞ்சை விட்டு அகலாது. சத்துணவுச் சமையற்கூடத்திற் பற்றிய தீ, வகுப்புகளின்மேல் வேய்ந்திருந்த கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொன்றது. கீற்றுக் கூரையும் ஒடுங்கிய படியும் அன்று காலை தோன்றியவை அல்ல. நாள்தோறும் பலர் கண்டவை. கண்டவர் எவரும் அவற்றை ஆபத்தென எழுதி, எழுதியதற்கு விடை வாங்கவில்லை. அத்துயரை முன்னிட்டுத் தொடரப்பட்ட வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2009இல் நாடெங்கும் பாடசாலைப் பாதுகாப்புக்கான கட்டளைகளைப் பிறப்பித்தது.

மலைநாட்டின் அயலிலும் இத்தகைய பாடம் உண்டு. பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையில், மீரியபெத்த என்னும் தோட்டப் பிரிவின்மீது 2014 ஒக்டோபர் 29ஆந் தேதி காலை மலை சரிந்தது. லயங்கள் மண்ணுள் மறைந்தன. அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்டமையால் உயிர்தப்பிய பிள்ளைகள் பலர்; அவருட் சிலர் திரும்பிச் செல்ல வீடுமில்லை, பெற்றோருமில்லை. இறந்தோர் எத்தனைபேர் என்பதே நெடுநாள் தெளிவுபடவில்லை. ஊர்ப் பதிவேடுகளும் மண்ணோடு சென்றுவிட்டன. ஆசிரியர் நாள்தோறும் குறிக்கும் வரவு இடாப்பு எத்துணைப் பெறுமதி உடையது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. ஆபத்துவேளையில் எவர் உள்ளார், எவர் இல்லார் என்று சொல்லவல்ல ஏடு அதுவே. அது மேசையறையிற் பூட்டிக் கிடத்தலாகாது. பிள்ளைகளை வெளியேற்றும் ஆசிரியரின் கையில் அதுவும் வெளியேறுதல் வேண்டும். அதன் படியொன்று வேறிடத்திலும் இருத்தல் வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த பெருமழை நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எண்ணற்ற சரிவுகளை விளைத்து, நாடு முழுவதிலும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. ஆகலின் மீரியபெத்தவைப் பழங்கதையென ஒதுக்குவதற்கில்லை.

ஈண்டுத் தோட்ட வரலாற்றிலிருந்தே பெறத்தக்க ஒரு கருவி உண்டு. மழையை நாள்தோறும் அளந்து ஏட்டிற் குறித்தல் தேயிலைத் தோட்டங்களின் நெடுங்கால வழக்கம். கொழுந்தின் விளைச்சலை மழை நிருணயிப்பதால் அவ்வளவீடு தேவைப்பட்டது. அதே அளவீடே மண்சரிவுக்கும் அடையாளம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்யின் விழிப்பாயிருத்தல், 100 மில்லிமீற்றரைக் கடப்பின் வெளியேற ஆயத்தமாதல், 150 மில்லிமீற்றரை எட்டின் வெளியேறுதல் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த நெறி. தோட்டக் காரியாலயத்து ஏட்டில் உள்ள எண் காலை மணியடிக்கும் முன்னே பாடசாலையை அடையுமாயின், பிள்ளைகளை வரவழைப்பதா, வந்தவரை எங்கே இருத்துவதா என அதிபர் தெளிந்து முடிவு செய்வார். மழைமானி ஒன்றைப் பாடசாலையிலேயே நாட்டி, மேல்வகுப்பு மாணவரைக் கொண்டு அளப்பித்தலும் எளிது; அஃது ஒருங்கே விஞ்ஞானப் பாடமும் உயிர்க்காவலும் ஆகும். கொழுந்துக்காக ஒரு நூற்றாண்டு அளந்த மழையைக் குழந்தைக்காகவும் அளத்தல் அரிய செயலன்று.

பேரிடர் ஒருபுறமிருக்க, தோட்டப் பாடசாலைகளை அடிக்கடி வருத்துவது குளவிக்கொட்டு. உயர்ந்த மரங்களிலும் பாறைகளிலும் பெருந்தேனீக்கள் கூடு கட்டும். அவற்றையும் மக்கள் குளவி என்றே வழங்குவர். பருந்து கூட்டைத் தாக்கினாலும், காற்று கிளையை முறித்தாலும் அவை திரளாக எழுந்து முற்றத்திலுள்ள பிள்ளைகளைக் கொட்டும். தேனீயின் கொடுக்கு உடலில் தங்கி நஞ்சை விடுவதால் அதனைத் தாமதியாது சுரண்டி அகற்றல் வேண்டும். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ கண்டால் கணமும் பொறாது வைத்தியசாலைக்கு அனுப்புதல் வேண்டும். மரம் தோட்டத்துக்குரியது, பிள்ளை பாடசாலைக்குரியது என்னும் பிரிவினையை இங்கே தெளிவாகக் காணலாம். கூட்டைக் கண்ட அன்றே ஆசிரியர் எழுதும் கடிதம் தோட்டக் காரியாலயத்தில் பதியப்பட்டு, இன்ன நாளில் அகற்றுவோம் என்னும் விடையும் பெறுமாயின், அக்கடிதம் மருந்தினும் பயனுடையது.

உதவி வரும் வழி முன்னினும் குறுகியிருப்பது உண்மை. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் எழுந்த 150 படுக்கை வைத்தியசாலைக் கட்டடம் 2017 மே 12ஆந் தேதி திறக்கப்பட்டது. 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் வரும் இலவச நோயாளர் வண்டிச் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 முதல் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. ஆயினும், அழைப்பவர் இடத்தைச் சொல்லத் தெரிந்திருத்தல் வேண்டும். தோட்டத்துக்கு ஏட்டில் உள்ள ஆங்கிலப் பெயர் ஒன்று; மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயர் பெரும்பாலும் வேறொன்று; பிரிவின் பெயர் மற்றொன்று. இப்பெயர்களும், பெருந்தெருவிலிருந்து வரும் வழியும், வண்டி எதுவரை ஏறும் என்பதும் ஒரு தாளில் எழுதப்பெற்றுத் தொலைபேசியின் அருகே ஒட்டப்பட்டிருத்தல் நலம்.

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க முடிபு சுருக்கமானது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்தலை மேலிருப்பவரின் கடமையாக்கிற்று. காண்பவரின் உரிமையாகவும் அஃது ஆதல் வேண்டும். உயிருக்கு இடர் நேரும்போது முதலில் வண்டியை அழைத்தல், அடுத்துப் பெற்றோருக்கு உரைத்தல், அதன்பின் மேலிடத்துக்கு எழுதுதல் என்னும் வரிசையைக் கைக்கொண்ட ஆசிரியர் எவரும் ‘அனுமதியின்றிச் செய்தீர்’ என்று வினவப்படலாகாது. விபத்துக்கு முன் எழுதப்படும் எச்சரிக்கையும் விபத்து அறிக்கைக்கு நிகராகப் பதியப்பட்டு, குறித்த நாளுக்குள் விடையளிக்கப்படல் வேண்டும். திங்களுக்கு ஒருமுறை அதிபரும் தோட்டத்துரையும் மருந்தகத்தாரும் பெற்றோருள் ஒருவரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, மரத்தையும் மதிலையும் மலைச்சரிவையும் பற்றிப் பேசுவாராயின், பிரிந்து ஏறும் இரு படிக்கட்டுகளும் ஓரிடத்திற் சந்திக்கும். இதற்குப் புதிய சட்டமோ பெரும்பொருளோ வேண்டியதில்லை. பழைய துண்டின் மனப்பாங்கைக் கைவிடுதல் போதும்.