யப்பானியர் பெற்ற முதல் துப்பாக்கி

யப்பான் நாட்டின் தென்பகுதியில், கியூசூ தீவுக்கும் அப்பால், நீண்டு ஒடுங்கிய சிறு தீவொன்று கிடக்கின்றது. தனெகசிமா என்பது அதன் பெயர். இன்று உலகத்தார் அதனை அறிவது 1969ஆம் ஆண்டில் அங்கு அமைக்கப்பட்ட விண்வெளி நிலையத்தாலேயாம். ஆனால், யப்பானியர் அதனை அறிந்த விதம் வேறு. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அவர்தம் மொழியில் 'தனெகசிமா' என்ற சொல்லே துப்பாக்கி எனவும் பொருள்பட்டது. ஊரின் பெயர் கருவிக்கு ஆகிவந்தது. நாம் வழங்கும் 'துப்பாக்கி' என்ற சொல்லும் துருக்கியர் வாய்மொழியிலிருந்து வந்ததென்பர். சிங்களத்தில் வழங்கும் 'துவக்குவ' என்பதும் அதற்கு உறவு. புதிய கருவி வந்த வழியைச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகின்றது.

1543ஆம் ஆண்டு அத்தீவுக்கு நல்ல ஆண்டாக விடியவில்லை. அயலிலிருந்த நெஜிமே குலத்தார் படையுடன் வந்து தாக்கினர். தனெகசிமா குலத்தார் தமக்குரிய யாக்குசிமா என்னும் பக்கத்துத் தீவை விட்டுக்கொடுத்து உயிர் தப்பவேண்டியதாயிற்று. குலத்தின் இளந்தலைவன் தொக்கிதக்காவுக்கு அப்பொழுது பதினைந்து அல்லது பதினாறு வயது. இழந்ததை மீட்கவேண்டும் என்ற எண்ணம் அவ்வயதில் எவ்வளவு கனன்றிருக்கும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

அவ்வாண்டு செப்டெம்பர் மாதம், தீவின் தெற்கே நிசிமுரா என்னும் ஊரின் குடாவில் பெருங்கப்பல் ஒன்று ஒதுங்கிற்று. அதில் நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தனர். அவர்கள் பேச்சு ஒருவருக்கும் விளங்கவில்லை. கப்பலிலிருந்த கோகோ என்ற சீனர் கற்றவர். ஊர்த்தலைவரும் சீன எழுத்து அறிந்தவர். இருவரும் கோலால் கடற்கரை மணலில் எழுதியே உரையாடினர். பேச்சால் அந்நியரான இருவர் எழுத்தால் உறவாயினர். இந்தக் கோகோ என்பார், பின்னாளிற் கடற்கொள்ளைக்குப் பேர்போன வணிகர் வாங் சீயே என ஆராய்ச்சியாளர் கருதுவர். கப்பலில் நீண்ட மூக்கும் விநோத உடையும் கொண்ட அந்நியர் சிலரும் இருந்தனர். அவர்களே போர்த்துக்கேயர். ஐரோப்பியர் யப்பானிய மண்ணில் அடிவைத்தது இதுவே முதன்முறை.

இச்செய்திகளைத் தருவது 'தெப்போக்கி' என்னும் நூல். துப்பாக்கி வரலாறு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். நம்போ புன்சி என்ற பௌத்த துறவி அதனை 1606ஆம் ஆண்டில் எழுதினார். எழுதுவித்தவர் தொக்கிதக்காவின் மகன். நிகழ்ச்சி நடந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர், குலப்பெருமை நிலைநாட்டும் பொருட்டு எழுந்த நூலென்பதை மறந்துவிடலாகாது. போர்த்துக்கேயரான கல்வாவோ என்பார் நூலிலோ ஆண்டு 1542 எனவும், வந்தவர் மோத்தா, செய்மோத்தோ, பெய்சோத்தோ என்னும் மூவர் எனவும், சீயத்திலிருந்து சீனம் நோக்கிச் சென்ற மரக்கலம் புயலில் அகப்பட்டதெனவும் காண்கிறோம். பெர்னாவோ மென்டெசு பிந்தோ என்ற மற்றொருவர், தாமே அங்கு முதலிற் சென்றதாக எழுதிவைத்தார். அவர் சொல்லைக் கல்லிற் பொறிக்கவேண்டா.

அந்நியர் கையில் இரண்டு மூன்று அடி நீளமுள்ள கருவியொன்று இருந்தது. புறத்தே நேரானது, உள்ளே துளையுடையது, ஆனால், அடிப்புறம் இறுக அடைபட்டிருந்தது. பக்கத்தே சிறு துளை. அது நெருப்புச் செல்லும் வழி. கரியநிற மருந்தையும் சிறு ஈயக்குண்டையும் குழலில் இட்டு, ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்து, துளையில் நெருப்பு வைத்தவுடன், மின்னலும் இடியும் ஒருங்கே தோன்றின. எதிரே வைத்த குறி சிதறிற்று. தொக்கிதக்கா அதனைக் கற்றுத்தருமாறு கேட்டான். பின்னர், விலை மிகுதியென்று பாராது இரண்டு துப்பாக்கிகளை வாங்கினான். இரண்டாயிரம் பொன் கொடுத்தான் என்று பிற்காலத்தார் கூறுவர். தெப்போக்கியில் அத்தொகை இல்லை.

வாங்கியது எளிது. பொன் இருந்தது, கொடுத்தான். ஆனால், இரண்டு துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு ஒரு தீவைக் காக்க முடியுமா? புயல் வசத்தால் வந்த கப்பல் மீண்டும் வருமென்பதற்கு உறுதி ஏது? வந்தவர் ஆயுத வணிகருமல்லர். தம் தற்காப்புக்குக் கொண்டுவந்த கருவியையே கொடுத்தனர். ஒன்று பழுதுற்றால் திருத்துவோர் இல்லை. போதாக்குறைக்கு, கீயி நாட்டிலுள்ள நெகோரோ என்னும் பெரிய பௌத்த மடத்திலிருந்து துப்பாக்கி வேண்டுமென்று கேட்டுத் தூது வந்தபொழுது, தொக்கிதக்கா ஒன்றைக் கொடுத்துவிட்டான். கிடைத்தற்கரிய பொருளில் பாதியைத் தானம் செய்த இளைஞனைப் பேதை என்பதா, பெருந்தகை என்பதா? வலிய மடத்தின் நட்பு துப்பாக்கியினும் பெரிதென்று அவன் கணக்கிட்டிருத்தலும் கூடும்.

ஆகவே, செய்வது என்ற முடிவு பிறந்தது. இதற்கு அத்தீவு தகுதியற்றதன்று. அதன் கடற்கரைகளில் இரும்பு மணல் உண்டு. அதனை உருக்கும் கொல்லரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். வாள் வடிப்பதில் யப்பானியக் கொல்லருக்கு நிகர் அக்காலத்தில் மிகச் சிலரே. சசகாவா கொசிரோ என்ற ஏவலரை மருந்து கூட்டும் முறையைக் கற்கும்படி தலைவன் ஏவினான். துப்பாக்கி செய்யும் பணி கொல்லரிடம் விடப்பட்டது. அவருள் யாயித்தா கின்பே என்பவரின் பெயர் நிலைத்துவிட்டது.

குழல் செய்வதில் பெரிய தடை இருக்கவில்லை. இரும்புத் தகட்டைக் காய்ச்சி, உருண்ட கம்பியொன்றின்மேல் வளைத்துச் சுற்றி, ஓரங்களைப் பொருத்தி அடித்து ஒன்றாக்கலாம். அதன்மேல் மற்றொரு பட்டையைச் சுருளாகச் சுற்றி மீண்டும் அடித்தால் குழல் வலிமை பெறும். மரக்கட்டை கடைவதோ, திரியைக் கவ்வும் விசையைப் பித்தளையில் அமைப்பதோ அவர்க்கு அரிய காரியமல்ல. முட்டுப்பட்ட இடம் ஒன்றே ஒன்று: குழலின் அடிப்புறம்.

அந்நியர் குழலின் அடி வெறும் ஆப்பால் அடைக்கப்படவில்லை. திருகாணியால் பூட்டப்பட்டிருந்தது. காதுத் தோட்டின் சுரையைத் திருகிப் பூட்டும் நம்மவர்க்கு இஃதொரு வியப்பாகத் தோன்றாது. ஆனால், அக்காலத்து யப்பானியர் திருகாணியைக் கண்டதேயில்லை. வீடு கட்டினர், கோயில் கட்டினர், கப்பல் கட்டினர். யாவும் பொருத்தாலும் ஆணியாலுமே முடிந்தன. குழலின் உட்புறம் மருந்துக் கரி படிந்தால் அடியைத் திறந்து துடைக்கவேண்டும். திறந்ததை மீண்டும் இறுகப் பூட்டவும் வேண்டும். வெறும் இரும்பு முளையை அடித்து இறுக்கினால், வெடிக்கும்போது அது பின்னோக்கிப் பாய்ந்து சுடுபவன் முகத்தையே தாக்கலாம். வெளிப்புரியையாவது அரத்தால் அராவி எடுத்துவிடலாம். குழலின் உள்ளே அதற்கு இசைந்த உட்புரியை இடுவது எங்ஙனம்? அதற்குரிய கருவி அவரிடம் இல்லை. கருவி உண்டென்ற எண்ணமும் இல்லை. புறவடிவம் ஒத்திருந்தும் அடியை மூடும் வகை தெரியாமல் கொல்லர் திகைத்தனர் என்று தெப்போக்கியே கூறுகின்றது.

இந்த இடத்திலே வாய்மொழி வரலாறு ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்துகின்றது. கின்பேயின் மகள் வக்காசா. திருகின் இரகசியத்தை அறிய விரும்பிய தந்தை, அவளைப் போர்த்துக்கேயன் ஒருவனுக்கு மணம்செய்து கொடுத்தானாம். அவள் கப்பலேறிச் சென்றாளாம். மறு ஆண்டு திரும்பி வந்தவளை மீண்டும் அனுப்ப மனமின்றி, நோயால் இறந்தாள் என்று பொய்ச் சவச்சடங்கு நடத்தினனாம். யாயித்தா குலத்தாரின் வழிவழிச் செய்தி இது. தெப்போக்கியில் வக்காசாவின் பெயர் இல்லை. எனினும் தீவினர் அவளுக்கு நினைவுக்கல் நாட்டியிருக்கின்றனர். நூல் தொக்கிதக்கா கொடுத்த பொன்னைப் பேசுகின்றது; ஊர் வாய்மொழியோ கொல்லன் கொடுத்த விலையைப் பேசுகின்றது.

நூல் சொல்லும் முடிவு எளியது. மறு ஆண்டு அந்நியக் கப்பல் மீண்டும் வந்தது; அதில் கொல்லன் ஒருவன் இருந்தான்; கின்பே அவனிடம் அடிமூடும் வித்தையைக் கற்றார்; ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் பல பத்துத் துப்பாக்கிகள் உருவாயின. பிந்தோவோ ஆறு மாதத்துக்குள் அறுநூறு என்று எழுதினார். ஒரு சிறு தீவின் உலைகளையும் சம்மட்டிகளையும் எண்ணிப் பார்ப்பவர் அறுநூற்றை நம்பார். 1544ஆம் ஆண்டில் தொக்கிதக்கா யாக்குசிமாவை மீட்டுக்கொண்டான் என்பது மட்டும் உண்மை.

வித்தை தீவோடு நிற்கவில்லை. சாக்காய் துறைமுகத்து வணிகர் தச்சிபனாயா மதசபுரோ தனெகசிமாவில் ஓரிரண்டு ஆண்டு தங்கிக் கற்றுத் திரும்பினார். ஊரார் அவர் பெயரோடு துப்பாக்கி என்பதையும் ஒட்டவைத்து அழைத்தனர். சாக்காய், நெகோரோ, ஓமி நாட்டுக் குனிதொமோ ஆகிய மூன்றும் துப்பாக்கிப் பட்டறைகளாற் புகழ்பெற்றன. குனிதொமோக் கொல்லரிடம் வேறொரு கதை வழங்குகின்றது. சிரோசுகே என்ற கொல்லர், நுனி முறிந்த கத்தியால் முள்ளங்கியைக் குடைந்துகொண்டிருந்தாராம். கத்தி சுழன்ற வழியே முள்ளங்கியின் உட்புறத்தில் புரி விழுந்திருந்தது. திருகின் தத்துவம் அவருக்கு அப்பொழுதே விளங்கிற்றாம். மெய்யோ கற்பனையோ, அந்நியனைக் கேளாமல் நாமே கண்டோம் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை அக்கதையில் ஒளிந்திருக்கின்றது.

எனினும், துப்பாக்கி செய்யக் கற்றதோடு அந்நியரின் தேவை ஒழிந்துவிடவில்லை. வெடிமருந்துக்குக் கந்தகம் வேண்டும், கரி வேண்டும், வெடியுப்பு வேண்டும். எரிமலைகள் நிறைந்த யப்பானில் கந்தகத்துக்குக் குறைவில்லை. தனெகசிமாவுக்கு அண்மையிலேயே கந்தகத் தீவு என்று பெயர்பெற்ற தீவொன்று உண்டு. கரி எங்கும் கிடைக்கும். மருந்தில் பெரும்பங்கு வெடியுப்பே. அஃதோ சீனத்திலிருந்தும் சீயத்திலிருந்தும் கப்பலில் வரவேண்டியிருந்தது. கருவியைச் செய்தவர் அதன் உணவை விலைக்கு வாங்கினர். ஆகையால், சாக்காய் துறையைக் கைக்கொண்ட தலைவன் பிறர் துப்பாக்கிகளை ஊமையாக்க வல்லவனானான். பின்னாளில் கொக்காயாமா மலையூர்களில் மண்ணையும் புல்லையும் பதப்படுத்தி வெடியுப்பு எடுக்கும் முறை வளர்ந்தபொழுதே இக்குறை ஓரளவு தீர்ந்தது.

இலங்கை மக்களுக்கு இவ்வரலாறு முற்றிலும் அந்நியமன்று. 1505இல் இங்கு வந்த போர்த்துக்கேயரின் துப்பாக்கியைக் கண்ட சிங்களக் கொல்லரும் வாங்குவதோடு நில்லாது செய்யத் தலைப்பட்டனர். கண்டி இராச்சியத்துத் துப்பாக்கியை வேறு எந்நாட்டுத் துப்பாக்கியோடும் மயங்கவேண்டா. விசை இடப்பக்கத்தில் அமையும். கட்டையின் அடி இரு சுருளாக வளைந்து நிற்கும். தந்தமும் வெள்ளியும் இழைக்கப்பட்டிருக்கும். மலைநாட்டார் இரும்பு உருக்கிய முறையை, அங்குச் சிறையிருந்த இறபேட்டு நொக்சு 1681இல் வெளிவந்த தம் நூலில் விவரித்தார். கண்டியர் தீக்கல் விசைக்கு மாறினர். யப்பானியரோ திரியையே கடைசிவரை பற்றிக்கொண்டனர். ஒரே ஆசானிடம் பயின்ற இருவர் வெவ்வேறு கையெழுத்துப் பெறுவதில்லையா?

1575ஆம் ஆண்டு நாகசினோப் போரில் ஓதா நொபுனாகாவின் துப்பாக்கி வீரர் தக்கேதாக் குலத்தின் குதிரைவீரரை வீழ்த்தினர். அத்துப்பாக்கிகள் ஆயிரம் என்று ஒரு சுவடியும் மூவாயிரம் என்று மற்றொரு சுவடியும் கூறும். 1592இல் கிதேயோசியின் படை கொரியாவுக்குச் சென்றது. அங்குள்ள மக்களுக்குத் தனெகசிமாவின் வித்தை பேரழிவாயிற்று. தொக்குகாவா ஆட்சியில் நாடு அமைதியுற்றது. 1639இல் போர்த்துக்கேயர் வருகை தடுக்கப்பட்டது. துப்பாக்கி செய்தோர் இருந்தனர். வேட்டைக்கும் பறவை விரட்டவும் துப்பாக்கி இருந்தது. ஆனால், புதுமை நின்றுபோயிற்று.

1853இல் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் பெரி கருங்கப்பல்களோடு வந்து நின்றபொழுது பழைய வினா மீண்டும் எழுந்தது. உள்ளே சுழற்பள்ளம் வெட்டிய றைபிள்கள் மேனாட்டில் வந்துவிட்டன; யப்பானியரிடமோ உட்புறம் வழவழப்பான திரித்துப்பாக்கிகள். இம்முறையும் முதலில் வாங்கினர். ஆங்கிலேயரிடம், பிரெஞ்சுக்காரரிடம், அமெரிக்கரிடம், ஒல்லாந்தரிடம் வாங்கினர். 1868இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் பல நாட்டு றைபிள்கள் ஒரே களத்தில் வெடித்தன. ஒன்றின் தோட்டா மற்றொன்றுக்குப் பொருந்தாது. புதிதாக அமைந்த தேசியப் படைக்கு இது பெருந்தொல்லையாயிற்று.

அதனைத் தீர்த்தவர் முராத்தா சுனெயோசி என்ற படையதிகாரி. சற்சுமா நாட்டவர்; தனெகசிமாவும் அந்நாட்டு ஆட்சிக்கு உட்பட்டதே. அவர் ஐரோப்பா சென்று துப்பாக்கி வகைகளை ஆராய்ந்து, பிரெஞ்சு, ஒல்லாந்த றைபிள்களின் அமைப்பை ஒட்டி ஒன்றை வகுத்தார். ஒருமுறைக்கு ஒரு தோட்டா இடும் அந்த றைபிள் 1880இல் படைக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. யப்பானியர் தாமே வகுத்துச் செய்த முதற் படைத்துறை றைபிள் அதுவே. 1894இல் சீனத்தோடு மூண்ட போரிலும் முராத்தாவின் துப்பாக்கிகளே முன்னின்றன. பின்னர்ப் புதியவை வரவே, பழையவற்றின் சுழற்பள்ளங்களைக் கடைந்து நீக்கி வேட்டைக்காரருக்கு விற்றனர். வடநாட்டு மலைகளில் கரடி வேட்டையாடுவோர் நெடுங்காலம் அவற்றை வைத்திருந்தனர். முராத்தா என்ற பெயரும் அவ்வேட்டைத் துப்பாக்கிக்கே ஆகிவிட்டது.